‘முன்னோடி’ என்று எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழ், வார இதழ்களின் உதவி ஆசிரியர்களுக்கும், பாடநூல் எழுதும் குழுவினருக்கும், அரசுத் துறைகளில் செய்திக்குறிப்பு தயாரிக்கும் அலுவலர்களுக்கும்,



‘முன்னோடி’ என்னும் சொல் முன், ஓடு, இ என்று பிரியும். கடைசியில் நிற்கும் இகரம், ஒரு செயலைச் செய்பவரையும் செய்யும் பொருளையும் குறிக்கும் விகுதி. வழிகாட்டி, படகோட்டி, வானம்பாடி, சுமைதாங்கி, மண்வெட்டி எல்லாம் இதே அச்சில் வார்த்த சொற்கள். இலக்கற்றுத் திரிகிறவரைக் குறிக்கும் நாடோடியும் இதற்கு உடன்பிறப்புதான். இந்த விகுதி ஆண், பெண் பார்ப்பதில்லை. உயர்திணை, அஃறிணை என்றும் பிரிப்பதில்லை. அதனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் முன்னோடி. ஒரு வங்கியும் முன்னோடி. ஒரு சட்டமும் முன்னோடி. பால் காட்டும் ஈறு எதையும் இதில் ஒட்டவைக்கத் தேவை இல்லை.

‘முன்’ என்பது இடத்தையும் காட்டும், காலத்தையும் காட்டும். இந்தச் சொல்லில் முதலில் நின்றது இடம்தான் என்று கொள்ள நல்ல காரணம் இருக்கிறது. ஓடுவது என்பது கண்ணால் பார்க்கிற காரியம். பெரியவர் ஒருவர் வருகிறார் என்றால் அவருக்கு முன்னே ஓடி வழி விலக்கி, வருகையைச் சொல்கிறவர் முன்னோடி. தென் மாவட்டங்களிலும் காவிரி வட்டாரத்திலும் காவல் தெய்வங்களுக்கு முன்னோடியான், முன்னோடிக் கருப்பர் என்ற பெயர்கள் வழங்குவது இந்தப் பொருளில்தான். பெரிய சாமிக்கு முன்னே நிற்பவர், முன்னே செல்பவர் என்று கருத்து. சாமி பின்னால் வராவிட்டால் முன்னோடிக்கு வேலையே இல்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் சொல்லின் இன்றைய குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

ஆங்கிலத்தில் இதற்கு நேராக நிற்கும் ‘பயனியர்’ என்ற சொல்லும் ஏறக்குறைய இதே வழியில் வந்ததுதான். பிரெஞ்சிலிருந்து போன அந்தச் சொல், படைக்கு முன்னே போய்ப் புதர் வெட்டி, பள்ளம் நிரப்பி, பாதை அமைத்துக் கொடுக்கும் காலாட்களைக் குறித்தது. சென்னைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ‘மெட்ராஸ் பயனியர்ஸ்’ என்ற பெயரில் அப்படிப்பட்ட கம்பெனிகளைத் திரட்டியது. 1831இல் அவை ‘மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ ஆயின. பெங்களூருவில் இன்று இருக்கும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு அவற்றின் வழி வந்ததே. தொடக்கத்தில் அவர்கள் கையில் துப்பாக்கியைவிட மண்வெட்டியே முக்கியம். பின்னால் வரும் படை சேற்றில் சிக்காமல் கடந்து போனால் அவர்கள் வேலை முடிந்தது.

இரண்டு சொற்களும் வெவ்வேறு ஊரில் பிறந்து ஒரே கருத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. முன்னே போவது பாதி. பின்னால் ஆள் வருவது மீதிப் பாதி.

இன்று அலுவலக, மேடைத் தமிழில் இந்தச் சொல் எடுத்திருக்கும் வேடங்கள் பல. மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பில் ‘முன்னோடி வங்கி மேலாளர் கலந்துகொண்டார்’ என்ற வரி அடிக்கடி வரும். 1969 டிசம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த திட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி பொறுப்பேற்று, மற்ற வங்கிகளின் கடன் பணிகளை ஒருங்கிணைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி போன்றவை இந்தப் பொறுப்பில் உள்ளன. இங்கே முன்னோடி என்பதற்குப் புதுமை செய்தவர் என்ற பொருள் துளியும் இல்லை. முன்னின்று நடத்துபவர் என்பதே பொருள். ஒருவகையில் பழைய இடப்பொருளுக்கு இது நெருக்கமானது, குறை சொல்வதற்கில்லை.

கட்சி மேடைகளில் ‘மூத்த முன்னோடிகளுக்குப் பொற்கிழி’ என்று அறிவிக்கும்போது, கட்சியில் நீண்ட காலம் உழைத்த மூத்தவர்கள் என்று பொருள். பிற்காலத் தொண்டர்களுக்கு முன்னே சென்றவர்கள் என்பதால் சொல் சரியாகவே பொருந்துகிறது. அங்கே பின்னால் வந்தவர்கள் அதே பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேளாண்மைத் துறை வழங்கும் ‘முன்னோடி விவசாயி’ என்ற பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செம்மை நெல் சாகுபடியை எடுத்துக்கொள்ளலாம். மடகாஸ்கரில் 1983 வாக்கில் ஆன்ரி த லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உருவாக்கிய முறை அது. 14 நாள் வயதுள்ள இளநாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று, 22.5 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சதுர நடவு, களையெடுக்க வரிசைகளுக்கு நடுவே கோனோ வீடர் ஓட்டுதல், நீரைத் தேக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுதல். குத்துக்கு மூன்று நான்கு நாற்று வைத்துப் பழகிய ஊரில் இதைச் செய்கிறவரின் வயல், நட்ட சில நாட்களுக்கு ஏறக்குறைய வெறுமையாகத் தெரியும். வரப்பில் போகிறவர்கள் சிரித்துவிட்டுத்தான் போவார்கள். தூர் கட்டத் தொடங்கிய பிறகே பயிர் இடைவெளியை மூடும். அறுவடையில் நெல் கண்டு, அடுத்த பட்டத்தில் பக்கத்து வயல்காரர் கயிறு பிடித்துச் சதுரமாக நட்டால், முதல் வயல்காரர் அன்றைக்கு முன்னோடி ஆகிறார். துறையின் பட்டியலிலோ அவர் விதை வாங்கிய நாளிலேயே முன்னோடி ஆகிவிடுகிறார். பட்டியலுக்கு ஒரு பெயர் வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து எழுதும் செய்தியாளரும் அதே சொல்லைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

‘முன்னோடித் திட்டம்’ என்பதும் இப்படியே. பெரிய அளவில் செய்வதற்கு முன் ஓர் ஒன்றியத்திலோ ஒரு மாவட்டத்திலோ சோதித்துப் பார்ப்பதை இப்படிச் சொல்கிறார்கள். இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு கச்சிதமான சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத் தேர் செய்தால், சாமியை ஏற்றித் திருவிழாவில் இழுப்பதற்கு முன் வெறுந்தேரை ஓடவிட்டு, சக்கரமும் அச்சும் தாங்குகின்றனவா என்று பார்ப்பது வெள்ளோட்டம். தேர் சாயலாம், திரும்பாமல் நிற்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தானே ஓட்டுகிறார்கள்? தோல்விக்கும் இடம் கொடுக்கும் சொல் அது. ‘முன்னோடித் திட்டம்’ என்றாலோ வெற்றி முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு திட்டம் நின்றுபோனாலும் பெயர் மட்டும் கோப்பில் கம்பீரமாக நிற்கும்.

ஆக, முதலில் செய்தவர் வேறு, முன்னோடி வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வதுண்டு. சேராமல் போவதும் உண்டு. சேராத இடங்களே சொல்லின் எல்லையைத் தெளிவாகக் காட்டுகின்றன. தமிழ் அச்சின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1554இல் லிஸ்பனில் ஒரு சிறு ஞானோபதேச நூல் அச்சாயிற்று. மொழி தமிழ், எழுத்து உரோமன். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. 1578இல் கொல்லத்தில் அச்சிட்டது, 16 பக்கம். செய்தவர் அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அறியப்பட்ட போர்ச்சுக்கீசியப் பாதிரியார் என்ரிக் என்ரிக்கசு. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பொருளுதவி செய்தார்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. எட்டே ஆண்டுகளில் இந்திய மொழிகளில் வேறு எதற்கும் அப்போது இல்லாத பெருமை தமிழுக்கு வந்து சேர்ந்தது.

பிறகு கை ஓய்ந்துவிட்டது. 1600இல் என்ரிக்கசு மறைந்தார். அம்பலக்காட்டில் 1679இல் அச்சான புரோயன்சா பாதிரியாரின் தமிழ், போர்ச்சுக்கீசிய அகராதி போல அங்கொன்று இங்கொன்று தவிர, அந்த முயற்சிக்குத் தொடர்ச்சி இல்லை. அச்செழுத்துகள் கைமாறவில்லை, தொழிலாளர் பரம்பரை உருவாகவில்லை, ஓலையில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஓலையிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த பாதிரியார் சீகன்பால்கு தொடங்கிய அச்சகத்தின் கதை வேறு. இங்கிலாந்திலிருந்து அச்சு எந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்து வார்த்து 1713இல் கொண்டுவந்தார்கள். அந்த எழுத்துகள் பெரியவை. தாள் ஏராளமாகத் தின்றன. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். தாளுக்கு வெளிநாட்டை நம்ப முடியாது என்று பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை ஒன்றும் வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. எழுத்து வார்ப்பு, மை, தாள், ஆள் என்று ஒரு தொழிலுக்கு வேண்டிய அத்தனையையும் ஓர் ஊரில் கொண்டுவந்து வைத்த முயற்சி அது. அங்கே பழகிய கைகளும் முறைகளும் பிறகு சென்னை வேப்பேரிக்குப் போயின. 1761இல் புதுச்சேரி விழுந்தபோது ஆங்கிலேயர் கையில் கிடைத்த அச்சு எந்திரம் வேப்பேரியில் இருந்த பாதிரியார் ஃபப்ரீசியசிடம் வந்தது. அவருடைய தமிழ், ஆங்கில அகராதி 1779இல் வெளியானது. வேப்பேரிக்குப் பிறகு சென்னையில் அச்சகங்கள் பெருகின. 1812இல் திருக்குறளும் நாலடியாரும் மூலபாடமாக அச்சேறின. 1835இல் அச்சகத்துக்கு உரிமம் பெற வேண்டிய கட்டாயத்தை நீக்கிய சட்டம் வந்ததும் தமிழர்கள் சொந்த அச்சகம் வைப்பது பெருகியது. ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்தில் வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தொடங்கினார்.

இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் என்ரிக்கசு தமிழ் எழுத்தில் முதலில் அச்சிட்டவர்; சீகன்பால்கு தமிழ் அச்சுத் தொழிலின் முன்னோடி. முன்னவருடைய பெருமை எந்த வகையிலும் குறையவில்லை. முதன்மை என்பது யாராலும் பறிக்க முடியாத ஒன்று. தேதி அதற்குச் சாட்சி. முன்னோடித்தன்மைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். வகுப்பறை நூல்களில் இருவரையும் ஒரே மூச்சில் ‘அச்சுத்துறை முன்னோடிகள்’ என்று எழுதிவிட்டுப் போகும்போது, மாணவருக்குக் கிடைக்க வேண்டிய சுவையான பகுதியே, அதாவது நூறாண்டுக்கு மேல் ஏன் இடைவெளி விழுந்தது என்ற கேள்வியே, காணாமல் போகிறது.

பதிப்புத் துறையில் இதன் மறுபக்கம் தெரியும். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியவர் என்றால் உ.வே.சாமிநாதையர் பெயரே முதலில் வாயில் வரும். சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று அவர் தந்த கொடை அப்படி. ஆனால் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை.தாமோதரம் பிள்ளை அதற்கு முன்பே வீரசோழியத்தை 1881இலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் பதிப்பித்துவிட்டார். சிந்தாமணி வெளிவந்த அதே 1887இல் கலித்தொகையையும் வெளியிட்டார். ஏடு தேடி அலைவது, பிரதிகளை ஒப்பிடுவது, பதிப்புரையில் ஏட்டின் நிலையைச் சொல்வது எல்லாம் அவரிடமும் உண்டு. தாமோதரம் பிள்ளைக்கு முன்னால் நாவலர். ‘முன்னோடி’ என்ற சொல்லை ஒரே ஒருவருக்குச் சூட்டி, மற்றவர்களை அவருடைய நிழலில் நிறுத்துவது இங்கே பொருந்தாது. முன்னோடிக்கும் முன்னோடி உண்டு. அது ஓட்டத்தின் இயல்பு.

இந்த இடத்தில் வேற்றுமை உருபு பெரிய வேலை செய்கிறது. ‘தாமோதரம் பிள்ளை உ.வே.சா.வுக்கு முன்னோடி’ என்றால் குவ்வுருபு பின்னால் வந்தவரின் பெயரைக் கேட்டு வாங்கிவிடுகிறது. ‘பதிப்பில் முன்னோடி’ என்றால் துறை தெரிகிறது, தொடர்ந்தவர் தெரியவில்லை. ‘பதிப்புலகின் முன்னோடி’ என்றால் அதுவும் மங்கி, புகழ்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. ‘முன்னோடி பதிப்பாளர்’ என்று அடைமொழியாக்கிவிட்டால் ‘புகழ்பெற்ற’, ‘சிறந்த’ என்பவற்றோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். நாளிதழ்த் தமிழில் இந்த நான்காவது வகையே மிகுதி. முதல் வகை அரிது. எந்த வகையைக் கையாள்வது என்பது நடை பற்றிய கேள்வியாகத் தோன்றும். உண்மையில் அது செய்தி பற்றிய கேள்வி. ‘யாருக்கு?’ என்று உருபு கேட்கும்போது எழுதுகிறவர் பதில் தேடியாக வேண்டும்.

முதலில் செய்தவருக்கும் முன்னோடிக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வெளியுலகில் ஓர் எடுத்துக்காட்டு போதும். முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், நீராவி பீறிட்டு வெளியேறும் விசையில் சுழலும் உருண்டை ஒன்றை விவரித்திருக்கிறார். அதைப் பார்த்து யாரும் சுரங்கத்தில் நீர் இறைக்கவில்லை. 1712இல் தாமஸ் நியூகோமன் சுரங்கத்து நீரை இறைக்க நீராவி எந்திரம் வைத்தார். அந்த எந்திரத்தின் மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்க உட்கார்ந்த ஜேம்ஸ் வாட், நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைத்தால் எரிபொருள் மிச்சமாகும் என்று கண்டு 1769இல் காப்புரிமை பெற்றார். நியூகோமன் வாட்டுக்கு முன்னோடி. ஹீரோன் யாருக்கும் முன்னோடி இல்லை. பாடநூல்களோ வாட்டைப் பிடித்துக்கொண்டு நியூகோமனை விட்டுவிடுகின்றன.

முன்னோடியோடு சேர்த்துக் குழப்பப்படும் சொற்கள் மூன்று: கண்டுபிடிப்பு, புதுமை, புத்தாக்கம். கண்டுபிடிப்பு என்ற சொல் தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. ஏற்கெனவே இருந்த கோளைக் கண்டதும் கண்டுபிடிப்பு. இல்லாத எந்திரத்தைச் செய்ததும் கண்டுபிடிப்பு. இடம் பார்த்துப் பொருள் விளங்கிவிடுவதால் மக்கள் இதை ஒரு குறையாக உணர்ந்ததில்லை. புதுமை பொதுச்சொல், சட்டை நிறத்துக்கும் பொருந்தும். புத்தாக்கம் அண்மையில் நிலைபெற்றது. தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் என்று அரசு நிறுவனத்தின் பெயரிலேயே அது ஏறிவிட்டது. பொருளியலில் இந்தக் கருத்தை நிலைநிறுத்தியவர் ஜோசப் ஷும்பீட்டர். 1911இல் வந்த நூலில், ஒன்றைப் புதிதாக உருவாக்குவது வேறு, அதைப் பொருளாதார வாழ்க்கைக்குள் கொண்டுவந்து நடத்திக்காட்டுவது வேறு என்று அவர் பிரித்தார். புதுப் பொருள், புதுச் செய்முறை, புதுச் சந்தை, மூலப்பொருளுக்குப் புது ஊற்று, தொழிலுக்குப் புது அமைப்பு என்று இதில் ஐந்து வகையையும் சொன்னார்.

கோவை கிரைண்டரை வைத்து இதைப் பார்க்கலாம். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கையால் ஆட்டும்போது அதுவே எளிது. மோட்டாரைக் கொண்டுவந்ததும் கணக்கு மாறியது. குழவியைச் சுற்றவைப்பதைவிடக் கல்லைச் சுற்றவைத்துக் குழவியைப் பிடித்து நிறுத்துவது பொறிக்கு எளிது. பட்டையில் மோட்டாரை இணைத்தால் கல் சுழலும்; குழவி தன் எடையால் மாவை அழுத்தும். 1955இல் கோவையைச் சேர்ந்த பி.சபாபதி இதைச் செய்தார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அரைக்கும் தத்துவத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. கல்லும் பழையது, குழவியும் பழையது, மோட்டாரும் கோவையில் 1937லேயே ஜி.டி.நாயுடு, பாலசுந்தரம் நாயுடு முயற்சியில் உருவாகிவிட்டது. சேர்த்த விதம் புதிது. புத்தாக்கம் என்ற சொல் அச்சாகப் பொருந்துவது இங்கேதான். பிறகு ஊரெங்கும் பட்டறைகள் அதைச் செய்தன. சாய்த்து மாவை ஊற்றும் வகை வந்தது, மேசை மேல் வைக்கும் வகை வந்தது, கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. ஓர் ஊரே பின்னால் ஓடி வந்ததால் முன்னோடி என்ற சொல்லும் அங்கே தானாக வந்து உட்கார்ந்தது. ஜி.டி.நாயுடுவை ‘இந்தியாவின் எடிசன்’ என்று எழுதும் வழக்கத்தைவிட, கோவை மோட்டார் தொழிலுக்கு முன்னோடி என்று எழுதுவது அவருக்கு மரியாதை. எடிசனை ஏன் இரவல் வாங்க வேண்டும்?

கண் அறுவையில் விழிக்குள் பொருத்தும் செயற்கை வில்லையை 1949இல் லண்டனில் முதன்முதலாகப் பொருத்தியவர் ஹெரால்ட் ரிட்லி. போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் நெகிழித் துண்டுகளைக் கண் வெளித்தள்ளாமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததே அதற்குத் தூண்டுதல். மதுரையில் 1992இல் அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவாகத் தொடங்கிய அரோலேப் அந்த வில்லையைக் கண்டுபிடிக்கவில்லை. பல மடங்கு குறைந்த விலையில் உள்ளூரிலேயே தயாரித்து, ஏழை நோயாளிக்கும் பொருத்தும்படி செய்தது. ரிட்லி செய்தது கண்டுபிடிப்பு, அரோலேப் செய்தது புத்தாக்கம். வளரும் நாடுகளில் மலிவு விலைக் கண் மருத்துவத்துக்கு அரவிந்த் கண் மருத்துவமனை முன்னோடி. ஒரே பொருள் பற்றிய மூன்று வாக்கியம்; சொல்லை மாற்றிப்போட்டால் மூன்றும் பொய்யாகிவிடும்.

அரசுத் திட்டங்களில் மதிய உணவு மிகத் தெளிவான வழக்கு. 1920இல், சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. 1925இல் அது நின்றுபோனது. 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலம் முழுவதற்குமான திட்டமாக மீண்டும் எழுந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். 1995இல் மத்திய அரசு நாடு தழுவிய திட்டம் அறிவித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவே தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இதில் எது முன்னோடி என்று கேட்டால் கட்சிக்கு ஒரு பதில் கிடைக்கும். சொல்லின் இலக்கணப்படி பார்த்தால் சண்டைக்கு இடமே இல்லை. 1920, தமிழ்நாட்டில் முதல். 1956 திட்டம் 1982க்கு முன்னோடி. 1982, நாடு தழுவிய திட்டத்துக்கு முன்னோடி. குவ்வுருபைப் போட்டால் மூவருக்கும் இடம் கிடைக்கிறது.

பிழையான வழக்குகளில் மிக மோசமானது ‘முன்னோடியில்லாத’. ‘முன்னோடியில்லாத வெள்ளம்’, ‘முன்னோடியில்லாத விலையேற்றம்’ என்று கொரோனாக் காலத்துக்குப் பிறகு அதிகமாகப் பார்க்க முடிகிறது. கணினி மொழிபெயர்ப்பு துப்பியதை அப்படியே எடுத்து வைப்பதால் வருவது இது. வெள்ளத்துக்கு முன்னே யார் ஓட வேண்டும்? ‘இதுவரை கண்டிராத’, ‘முன்னெப்போதும் இல்லாத’, ‘வரலாறு காணாத’ என்று கிராமத்துப் பாட்டிக்கும் புரியும் தொடர்கள் கைவசம் இருக்கின்றன.

அடுத்தது முன்னணியோடு கலப்பது. விற்பனையில் முதல் சில இடங்களில் இருக்கும் நிறுவனம் முன்னணி நிறுவனம். அதற்குத் துறை தொடங்கியவர் என்ற பெயர் தேவையில்லை. துறையைத் தொடங்கி வைத்த நிறுவனம் இன்று கடைசி இடத்தில் இருக்கலாம், மூடியும் போயிருக்கலாம். அது முன்னோடியாகவே இருக்கும். முன்மாதிரி என்பதும் வேறு. பார்த்துச் செய்யத்தக்கது முன்மாதிரி. யாரும் பார்த்துச் செய்யாவிட்டாலும் அது முன்மாதிரிதான். ‘தந்தை’ பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எல்லாத் துறைக்கும் ஒரு தந்தை கிடைத்துவிட்டார், தாய்மார் எண்ணிக்கைதான் மிகக் குறைவு. ‘முதல் முன்னோடி’ என்பது ‘நடுசென்டர்’ போல ஒரே பொருளை இரண்டு முறை சொல்லும் வகை.

தன்னைத்தானே முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் விளம்பரங்கள் இன்னொரு வகை. ‘முன்னோடி பள்ளி’, ‘முன்னோடி மருத்துவமனை’ என்று திறப்பு விழா அழைப்பிதழிலேயே அச்சடிக்கிறார்கள். விளம்பரத்தைத் திருத்த யாராலும் முடியாது. ஆனால் அதே வரி மறுநாள் செய்திப் பத்தியில் மேற்கோள் குறி இல்லாமல் வரும்போது அது பத்திரிகையின் கூற்றாகிவிடுகிறது.

எழுத்து முறையில் ஒரு சிறு குறிப்பு. முன்னோடி என்பதோடு வல்லினத்தில் தொடங்கும் அஃறிணைப் பெயர் சேர்ந்து ஒரு தொடராகும்போது ஒற்று மிகும்: முன்னோடித் திட்டம், முன்னோடிப் பள்ளி, முன்னோடிக் கதை. வங்கி, விவசாயி போன்றவற்றோடு அந்தக் கேள்வியே எழாது. உயர்திணைப் பெயரோடு சேரும்போது ஒற்று இல்லாமல் எழுதுவதே பெருவழக்கு: முன்னோடி பதிப்பாளர், முன்னோடி கவிஞர்.

எனவே உதவி ஆசிரியர்களுக்கும் பாடநூல் குழுவினருக்கும் வேண்டுகோள் இதுதான். ஒருவரையோ ஒரு முயற்சியையோ முன்னோடி என்று எழுதும்போது, யாருக்கு, எதற்கு முன்னோடி என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். பெயர் சொல்ல யாரும் பின்னால் வரவில்லை என்றால் ‘முதலில் செய்தவர்’ என்று எழுதினால் போதும்; அதுவும் பெரிய பெயர்தான். செய்திக்குறிப்பு எழுதும் அலுவலர்கள், சோதனை அளவில் தொடங்கும் திட்டத்துக்கு வெள்ளோட்டம் என்று பெயரிட்டுப் பார்க்கலாம். ‘முன்னோடியில்லாத’ என்பதைப் பிழைதிருத்துநர்கள் கண்டவுடன் அடித்துவிடுங்கள்.

இங்ஙனம்,
தமிழ் வாசகர் ஒருவர்